கிளி ஓட்டாத பேச்சித்தாய்

பேச்சித்தாயும் அவள் புருஷன் தங்கசாமியும் வேதத்தில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஞானஸ்நானத்தில் அவளுக்கு வைத்த பேர் எஸ்தர். ஒருத்தராவது அப்படிக் கூப்பிட வேண்டுமே! பாவூர்சத்திரத்துக்கு மேற்கே புஞ்சை ஒன்றை வாரத்துக்கு எடுத்துச் சோளம் போட்டிருந்தார்கள். கிளி ஓட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. தகரத்தைத் தட்டி அவள் போடும் சத்தத்தில் கிளி என்ன, வழிப்போக்கனே தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டு ஓடுவான்.

அப்பேர்ப்பட்டவள்தான் முப்பத்துநாலாம் வருஷத்து ஆவணியில் வாயடைத்துப் போனாள்.

அந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உபதேசியார் யோவேல் தீர்க்கதரிசி சொன்ன நியாயத்தீர்ப்பைப் பற்றிப் பேசினார். மீறி நடந்த சனத்தின் மேல் கர்த்தர் தம்முடைய படையை ஏவுவாராம். புழு மிச்சம் வைத்ததை வெட்டுக்கிளி தின்னுமாம். வெட்டுக்கிளி மிச்சம் வைத்ததைப் பச்சைக்கிளி தின்னுமாம். பேச்சித்தாய் அது தனக்கே சொன்னது என்று எடுத்துக்கொண்டாள். போன மாதம் மகள் காய்ச்சலில் கண் செருகிக் கிடந்தபோது, யாருக்கும் தெரியாமல் சுடலைமாடன் கோயில் திருநீற்றைக் கொண்டுவந்து பூசியிருந்தாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது. கர்த்தர் பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பார்!

மறுநாள் காலையில் குற்றாலத்து மலைப் பக்கமிருந்து கிளிகள் வந்து இறங்கின. கதிரெல்லாம் பால் பிடித்திருந்த நேரம். தகரம் கையில்தான் இருந்தது. தட்டினால் கர்த்தருடைய படையையே விரட்டியதாகிவிடாதா? சோளத்தோடு போகட்டும், பிள்ளையைத் தொட வேண்டாம் என்று மகளை மடியில் அமுக்கிக்கொண்டு காவல் பரணில் உட்கார்ந்துகொண்டாள். கிளிகளுக்கென்ன, கல்யாணப் பந்தி!

கஞ்சி கொண்டுவந்த தங்கசாமி தலையில் அடித்துக்கொண்டான். "ஏட்டி, இங்கன இருந்து வேடிக்கையா பாக்குத? வருசம் பூரா எதைத் திங்கப் போறோம்?"

அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் திட்டக்கூட இல்லை. முகம் வெளுத்துப்போய், இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு உபதேசியார் வீட்டுக்கு நடந்தான். அங்கே திருநீற்றுச் சங்கதியைச் சொல்லாமல் விழுங்கிவிட்டு, கிளிக் கதையை மட்டும் சொன்னான்.

உபதேசியாருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அடப் பைத்தியக்காரி! அது நம்மூர்க் கிளி இல்லம்மா. வெட்டுக்கிளியிலயே அது ஒரு சாதி. வேதத்துல அதுக்குப் பச்சைக்கிளின்னு பேரு போட்டிருக்கு. ஒன் சோளத்தைத் தின்னது வெறும் பறவை."

தங்கசாமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பேச்சித்தாய் மகளை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"அப்பம் அந்தப் படை இன்னும் வரலியா அய்யா?"