டிரம் ஷெட்டுக்குப் போட்ட டெலிபோன்

தோல் பதனிடுகிற டேனரியில் வயர்மேன் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்: மோட்டார் ஓடும்போது நம் பேர் ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது, நின்றுவிட்டால் நம் பேரைத் தவிர வேறெதுவும் ஞாபகம் வராது. இந்த அவதியைப் பட்டவர்கள் தலையாட்டுவீர்கள். ஆம்பூரில் நான் இருந்தபோது, மோட்டாருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வேலைக்கும் என்னைத் தேடினார்கள்.

காயலான் கடைச் சரக்கு

உலகச் சண்டை முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. எங்கள் முதலாளி அன்வர் சாயபு டிரம் ஷெட்டுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றால், ஆபீசிலிருந்து அந்தக் கோடிவரை ஓடியாக வேண்டும். தோலைப் போட்டு உருட்டும் பெரிய பெரிய மர டிரம்கள். அவை சுழலுகிற இரைச்சலில் எவ்வளவு கத்தினாலும் காதில் விழாது. வேலூர் காயலான் கடையில் பட்டாளத்தார் கழித்துப்போட்ட இரண்டு டெலிபோன்கள் கிடந்தன. கைப்பிடியைச் சுற்றினால் மறுபக்கம் மணி அடிக்கிற ஜாதி. கொண்டுவந்து பிரித்தேன். ஒன்றுக்குள் குளவிக் கூடு. இன்னொன்றில் பேசுகிற குமிழுக்குள் இருந்த கரித்தூள் ஈரத்தில் கட்டிப்போயிருந்தது. வெயிலில் காயவைத்துத் தட்டித் தட்டி உதிர்த்தேன்.

மேஜையின் இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று. பாட்டரியைக் கொடுத்து, இந்தப் பக்கம் குமிழின்மேல் என் கைக்கடிகாரத்தை வைத்தேன். சாயபு மறுமுனையில் கேட்கிற குழாயைக் காதில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "வயர்மேன், என் நெஞ்சு அடிக்கிறதுகூட எனக்கு இப்படிக் கேட்டதில்லப்பா."

கம்பி போதவில்லை

எரிந்துபோன மோட்டார் காயிலைப் பிரித்து முறுக்கியதில், ஷெட்வரை ஒற்றைக் கம்பிதான் தேறியது. பேச்சு போய்வர இரண்டு வேண்டும். இரண்டாவதற்குப் பதிலாக இரண்டு பக்கமும் இரும்புக் குழாயை மண்ணில் அடித்து இணைத்துவிட்டேன். மற்ற ஊர் மண் எப்படியோ, எங்கள் மண் தோலிலிருந்து உதிர்ந்த உப்பை வருஷக்கணக்காகக் குடித்த மண். கரண்டு தாராளமாகப் போய்வந்தது.

மணி அடித்ததும் ஷெட்டே கூடிவிட்டது. டிரம் மேஸ்திரி முனுசாமி குழாயை வாங்கி முதலாளியின் குரலைக் கேட்டார். வெளியே வந்து கம்பியை அண்ணாந்து பார்த்தார். "போற வழி தெரியுது. திரும்பி வர்ற வழி?" என்றார். நான் அவர் காலடி மண்ணைக் காட்டினேன். சட்டென்று நகர்ந்து நின்றார். "இன்னாப்பா சொல்ற, முதலாளி பேச்சு மேலயா நின்னுகினு இருந்தேன்?"

பெரிய முதலாளி

டேனரியை ஆரம்பித்தவர் சாயபுவின் அண்ணன். பக்கவாதம் வந்து, ஆபீசை ஒட்டின வீட்டில் படுக்கையாகக் கிடந்தார். நாக்கு குழறிப்போய், அவர் பேசுவது வீட்டில் ஒருவருக்கும் புரியாது. அது தெரிந்து பேச்சையே அவர் குறைத்துக்கொண்டிருந்தார். "அண்ணனும் இந்த அதிசயத்தைப் பாக்கட்டும்" என்று சாயபு சொல்ல, ஆபீஸ் டெலிபோனைக் கட்டிலருகே மாற்றினேன்.

முனுசாமி அந்த வீட்டுக்குள் வந்தவரில்லை. நோய் வந்தபின் இருவரும் பார்த்துக்கொண்டதே இல்லை. பெரியவர் காதில் குழாயைப் பிடித்தேன். இரைச்சலுக்கு நடுவே முனுசாமி, "அய்யா" என்றார். பெரியவர் வாய் கோணி ஏதோ குழறினார். எனக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. ஆனால் அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. மறுபடி குழறல், மறுபடி பதில். காலமெல்லாம் டிரம் சத்தத்தில் பாதிப் பேச்சைக் கேட்டே மீதியைப் பிடித்துப் பழகிய காது அது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. குழாயை என் காதுக்கு மாற்றினேன். முனுசாமி சாதாரணமாகச் சொன்னார்: "தொண்டை வறண்டு போச்சாம்ப்பா. மொதல்ல தண்ணி குடுக்கச் சொல்லு, அப்புறம் பேசலாம்."

ஜன்னல்

மறுநாளும் பேசினார்கள். பெரியவர் மாதக்கணக்காக ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார். வலியில் முனகுகிறார் என்று நினைத்து வீட்டார் அதற்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி திரைக்குப் பின்னாலிருந்து, "தம்பி, அது என்னான்னு மேஸ்திரியைக் கேளுங்களேன்" என்றார்.

பெரியவர் அதையே குழாயில் சொன்னார். அந்த அறையில் டேனரியைப் பார்த்த ஜன்னல் ஒன்று உண்டு. நோயாளிக்கு நாற்றம் ஆகாது என்று சாத்தி ஆணியே அடித்திருந்தார்கள். குழாயை என் காதில் வைத்ததும் முனுசாமியின் குரல் வந்தது. "ஜன்னலைத் தொறக்கச் சொல்றாருப்பா. தோல் வாசனை இல்லாம மூச்சு வுட்டா, உசுரோட இருக்கிற மாதிரியே இல்லியாம்."

ஆபீசுக்கு?

நான் சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மாள் திரையைத் தள்ளிக்கொண்டு வந்து, பாக்குவெட்டியால் ஆணியை நெம்பத் தொடங்கிவிட்டார். நாற்றம் அறைக்குள் குப்பென்று புகுந்தது. பெரியவர் கண்ணை மூடி இழுத்து மூச்சுவிட்டதை நாங்கள் எல்லோரும் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

டெலிபோன் கட்டிலோடு தங்கிவிட்டது. ஆபீசுக்கு வேறு தேடட்டுமா என்று சாயபுவைக் கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வேணாம்பா, ஷெட்டுக்கு நான் ஓடிக்கிறேன், தொந்தி ஜாஸ்தியாயிடுச்சு."

வயர்மேன் உத்தியோகத்தில் நான் செய்த வேலைகளிலேயே, கேட்டவருக்குப் பயன்படாமல் போயும் புகார் வராத வேலை இது ஒன்றுதான்.