மரியபுஷ்பத்துக்கு அடித்த மணி

மரியபுஷ்பத்துக்குச் சிரிப்பென்றால் பயம். பாம்பைக் கண்டு ஒதுங்காதவள், பக்கத்தில் யாராவது வேடிக்கை பேசினால் எழுந்து போய்விடுவாள். ஓமலூர்ப் பக்கத்தில் இருந்த அந்த ஊர், அவளுக்கு உம்மணாமூஞ்சி என்றே பேர் வைத்திருந்தது. ஊருக்கென்ன, பேர் வைக்கக் காசா பணமா!

வாய்விட்டுச் சிரித்தால் அவளுக்கு முழங்கால் கழன்றுவிடும். தலை தொங்கும், நாக்கு குழறும், அப்படியே துவண்டு விழுவாள். நினைவு மட்டும் தப்பாது. போதாக்குறைக்கு, அவள் வேலை பார்த்த ஆலைக் களத்தில் ஜவ்வரிசியைக் கிளறிக் காயவைத்துக்கொண்டிருக்கும்போதே தூக்கம் வந்து அமுக்கும். கனவு காணும் நேரத்தில் உடம்பு கட்டிப்போட்டதுபோல் கிடப்பது எல்லோருக்கும் உள்ளதுதான். அவளுக்கு அந்தக் கட்டு விழித்திருக்கும்போதே வந்து விழுந்தது. இன்றைக்கு டாக்டர்கள் இதற்கொரு பேர் சொல்கிறார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் ரத்தம் போதாது என்று டானிக் கொடுத்தார்கள். பேய் என்று சொன்னவர்களும் உண்டு.

அவளுடைய பயமெல்லாம் ஒன்றுதான். என்றைக்காவது செத்தாள் என்று நினைத்துப் புதைத்துவிடுவார்கள். அதிலும் புருஷன் உபகாரசாமிதான் கோயிலில் மணியடிப்பவர். உயிர் பிரிகிற நேரத்திலேயே துக்கமணி அடித்துவிட வேண்டும், அதைக் கேட்டு ஊர் சொல்லும் செபம்தான் ஆத்துமாவுக்கு வழித்துணை என்பது அவர் நம்பிக்கை. தாமதித்தால் அது தன்னந்தனியாகப் போகுமாம்.

நாத்தனார் செல்வமேரியின் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்த மத்தியானம். கூட வேலை செய்யும் பொன்னாயி, ஆலை மேஸ்திரி வேட்டியைத் தூக்கிப் பிடித்து ஈரக்களத்தில் நடப்பதை நடந்து காட்டினாள். மரியபுஷ்பம் உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. சிரித்தாள், விழுந்தாள்.

இந்த முறை கட்டு சீக்கிரம் அவிழவில்லை. தூக்கத்துக்குள்ளேயே இழுத்துக்கொண்டு போனது. கண் திறக்கவில்லை, காது மட்டும் கேட்டது.

"அண்ணா, மூச்சே இல்லீங்க! அண்ணி போயிட்டாங்க!" என்று செல்வமேரி அலறினாள்.

உபகாரசாமி மனைவியின் கன்னத்தைத் தொட்டார். உடனே கோயிலுக்கு ஓடினார். அவள் தனியாகப் போய்விடக் கூடாதே என்ற பதைப்பு அவருக்கு.

டாண். விட்டு விட்டு ஒவ்வொன்றாய் விழுந்த அந்த மணி யாருக்கென்று அவளுக்குத் தெரியும். இருக்கிறேன், இருக்கிறேன் என்று உள்ளுக்குள் கத்தினாள். ஒரு விரல்கூட அசையவில்லை. யாரோ தாடையைத் துணியால் கட்டினார்கள். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள்.

"வெயில் காலமுங்க. சாமியாருக்கு ஆள் போயிருக்குது, பொழுதோட எடுத்தரலாம்" என்றது ஒரு குரல். அவளுக்குக் குலை நடுங்கியது. நடுங்கவும் உடம்பு இடம் கொடுக்கவில்லை.

பிறகு, வந்தது போலவே, கட்டு தானாக விட்டது. கையை ஊன்றி உட்கார்ந்தாள். பெண்கள் விழுந்தடித்து ஓடினார்கள். மணி மட்டும் நிற்கவில்லை. தாடைக் கட்டையும் கால் கட்டையும் அவிழ்த்துப் போட்டுவிட்டு, அந்தச் சத்தத்தை நோக்கி அவளே நடந்தாள். கண்ணை மூடி அழுதபடி கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தவரின் கையைப் பிடித்தாள்.

"ஏனுங்க, போதும் நிறுத்துங்க. இனி நான் உழுந்தா மணியடிக்காதீங்க. ஒரு நாள் முழுசும் பக்கத்துல உக்காந்து பாருங்க."

அதற்கப்புறமும் பயம் போகவில்லை. "மறக்க மாட்டீங்களே?" என்று கேட்காமல் அவள் படுத்ததே கிடையாது.

அறுபத்தெட்டில், காய்ச்சலில் அவள் நிஜமாகவே போனாள். சாமியார் சொல்லியும் ஊர் திட்டியும் உபகாரசாமி கோயில் பக்கம் போகவில்லை. அவள் கையைப் பிடித்தபடி ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். மறுநாள் பொன்னாயியைக் கூப்பிட்டு, மேஸ்திரி நடையை நடந்து காட்டச் சொன்னார். அழுதுகொண்டே அவள் நடந்தாள். அவர் மரியபுஷ்பத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகுதான் எழுந்து மணியடிக்கப் போனார்.