ஓட்டத் தெரியாத சைக்கிள்காரர்

1912 தை மாதத்தில் பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரத்துக்குச் சைக்கிளில் போனேன். இருபத்திரண்டு மைல். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை காலியாக இருந்தது. பத்து மணிக்குள் மேனேஜர் முன்னால் நிற்கவேண்டும். ரயிலை நம்பினால் நேரத்துக்கு ஆகாது என்று நண்பனிடம் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு காலை ஆறு மணிக்குப் புறப்பட்டேன்.

முன்னீர்ப்பள்ளம் தாண்டும்வரை சுகமான சவாரி. பன்னிரண்டாவது மைலில், பத்தமடைக்குள் நுழையும்போது, பாதையில் கிடந்த மாட்டு லாடம் பின் டயரைக் கிழித்துவிட்டது. மணி ஏழே முக்கால்.

நல்லவேளை, அங்கே செல்லையா அண்ணாச்சி கடை இருந்தது. தையல் மிஷினோடு சைக்கிளும் பழுது பார்ப்பவர். ட்யூபை ஒட்டிவிட்டு, டயரின் கிழிசலுக்கு உள்பக்கம் துணி போன்ற மெல்லிய கோரைப்பாய்த் துண்டை மடித்து வைத்தார். அரை மணி நேரம், கூலி இரண்டணா. அசந்துபோனேன்.

ஏறப் போனால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அவருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாதாம்! பழுது பார்த்த வண்டியை வாடிக்கைக்காரரே குளத்தங்கரை வரை ஓட்டவேண்டும். அவர் கூடவே ஓடிவந்து காதால் சோதிப்பார். அந்தக் கடையின் சட்டம் அது.

"பத்து மணிக்குள்ள அம்பாசமுத்திரம் போகலைன்னா எனக்கு வேலை கிடைக்காது அண்ணாச்சி!"

"பைய ஓட்டுங்க சார்வாள். நான் கேட்டுக்கிட்டே வாரேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். பாதி வழியில் நிறுத்தச் சொன்னார்.

"முன் சக்கரத்து அச்சுக்குள்ள இரும்புக் குண்டு ஒண்ணு உடைஞ்சு கிடக்கு. கேக்குதுல்லா? போற வழியில பாலத்து இறக்கத்துல சக்கரம் பூட்டிக்கிட்டா உங்க மண்டை போயிரும். இப்படியே அனுப்ப மாட்டேன்."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் காதில் வாங்காமல் சக்கரத்தைப் பிரித்தார். இரண்டாகப் பிளந்த குண்டு என் உள்ளங்கையில் விழுந்ததும், சக்கரத்தைப் பிடித்துக்கொடுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாற்றி முடிக்க ஒன்பது மணி.

அம்பாசமுத்திரம் போய்ச் சேர்ந்தபோது பத்தரை. வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

திரும்பும் வழியில் அண்ணாச்சி தெருவுக்கே ஓடிவந்தார்.

"நேரத்துக்குப் போய்ச் சேந்தியளா? வேலை கிடைச்சுதா?"

"கிடைச்சிட்டு அண்ணாச்சி."

சந்தோஷத்தில் எதிர்க்கடைக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார்.

அந்தப் பக்கம் சைக்கிளில் போகிறவர்கள் தயங்காமல் அவரிடம் வண்டியைக் கொடுங்கள். ஒரு மணி நேரம் முன்னதாகவே புறப்படுங்கள். அவரை அவசரப்படுத்த வேண்டாம். என் வேலை என்ன ஆயிற்று என்பதை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.