உச்சியில் போட்ட கையெழுத்து

செஞ்சிக் கோட்டை என்றால் எனக்கு மதிலோ பீரங்கியோ முதலில் நினைவுக்கு வருவதில்லை. ராஜகிரி மலையடிவாரத்தில், எங்கள் வாடகைப் பேருந்தின் நிழலில், இரண்டு தட்டச்சுத் தாள்களோடு நின்ற டைப்பிஸ்ட் அம்மாதான் வருகிறார். காற்றில் பறக்காதபடி அவற்றைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தார். எழுபதுகளின் தொடக்கம் அது. காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் நான் எழுத்தர். வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை.

சுற்றுலா போவதென்றால் ஆளுக்கு ஒரு நாள் விடுப்பு எழுதித் தர வேண்டும். எங்கள் செயலாளர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். உச்சிக் கோயில் தூண்களின் சிற்பங்களைப் பார்த்துச் சேலைக் கரைகளுக்குப் புது வடிவங்கள் எடுக்கப் போகிறோம் என்று மேலிடத்துக்கு எழுதினார். சுற்றுலா அலுவல் பயணமாகிவிட்டது. மேலிடமும் இளைத்ததல்ல. ஊழியர் ஒவ்வொருவரும் உச்சிக் கோயில் மண்டபத்தில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும், தவறினால் விடுப்பில் கழிக்கப்படும் என்ற நிபந்தனையோடு அனுமதி தந்தது. அந்த ஆணையைக் கோப்பில் சேர்த்த கையோடு செயலாளர் தம் பங்குக்கு ஒரு சுற்றறிக்கை விட்டார்: பெண் ஊழியர்கள் அடிவாரத்தில் தங்கி உணவைக் கவனித்துக்கொள்வர். சங்கத்தில் இருந்த பெண் ஊழியர்கள் மொத்தம் ஒருவர். வரைவு எழுதியவன் நான். தமக்கான தடையைத் தாமே, மூன்று கார்பன் பிரதிகளோடு, ஒரு பிழையும் இல்லாமல் அடித்துக் கொடுத்தவர் அவர்.

அந்த மாதம் முழுக்க மதிய இடைவேளையில் அவர் நூலகத்தில் செஞ்சியைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தார். பள்ளியிறுதி வகுப்பில் சரித்திரத்தில் முதலாவதாக வந்தவர். கல்லூரிக்கு வீட்டில் அனுப்பவில்லை. பாடப் புத்தகப் படத்தில் பார்த்த அந்த உச்சியில் ஒரு தடவையாவது நின்றுவிட வேண்டும் என்று என்னிடம் சொல்லியிருந்தார். "படத்துல பாத்தது போதாதாம்மா?" என்று நான் கேட்டது இன்றும் உறுத்துகிறது.

இட்லிக் கூடைகளை இறக்கியதும் செயலாளர், "நீ இங்கயே நிழலா உக்காரும்மா. உனக்கு எதுக்கு மலையெல்லாம்? கால் வலிக்கும்" என்றார்.

"கால் என்னுதுதானே சார்" என்றார் அவர். சுற்றி நின்ற எங்கள் சிரிப்பு அடங்குவதற்குள் தாள்களை நீட்டினார். "மேல போய்க் கையெழுத்துப் போடலன்னா லீவு போயிடும்னு மேலிடத்து ஆர்டர்ல இருக்குது. இட்லிக்குக் காவல் இருக்கணும்னு உங்க சர்க்குலர்ல இருக்குது. எது பெருசுன்னு சொல்லிட்டீங்கன்னா அப்படியே செஞ்சிடறேன்."

மேலிடத்து ஆணையைக் கீழிடத்துச் சுற்றறிக்கை மீற முடியாது. முப்பத்தைந்து ஆண்டுகள் கோப்புகளோடு குடும்பம் நடத்தியவன் சொல்கிறேன், அந்த இடத்தில் மகாராஜாவே ஆனாலும் வழிவிட வேண்டியதுதான். செயலாளர் ஓட்டுநரைக் கூப்பிட்டார். கூடைகளுக்கு ஓட்டுநர் காவலானார்.

டைப்பிஸ்ட் அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் ஏறினார். வாசலுக்கு வாசல் நின்று, வழி ஏன் இப்படி வளைந்து வளைந்து போகிறது என்று விளக்கினார்: யானையை ஓடவிட்டுக் கதவை இடிக்க முடியாதாம். உச்சிக்குச் சற்றுக் கீழே, பாறைப் பிளவின் மேல் ஒரு சிறு பாலம். செயலாளர் அங்கே உட்கார்ந்துவிட்டார். "ரிஜிஸ்டரை இங்கயே குடுப்பா, போட்டுடறேன்" என்று என்னிடம் கை நீட்டினார். என் வேலை நிரந்தரமாக அவர் பரிந்துரை வேண்டும். நான் டைப்பிஸ்ட் அம்மாவைப் பார்த்தேன்.

"ஆர்டருக்கு நகல் அடிச்சவ நான்தான் சார். மண்டபம்னுதான் இருந்திச்சு, பாலம்னு இல்ல."

பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நான் பாலத்தைக் கடந்தேன். என் உத்தியோக வாழ்க்கையில் நான் செய்த ஒரே வீரச்செயல் அது.

மண்டபத்தில் முதல் கையெழுத்து அவருடையது. பிறகு மதிலோரம் நின்று, தலைமுடி காற்றில் கலைய, மராட்டியர் உள்ளே இருந்ததையும் மொகலாயர் கீழே முற்றுகையிட்டதையும், பின்னால் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் வந்ததையும் சொல்லிக்கொண்டிருந்தார். கணக்கர் முதல் கடைநிலை ஊழியர் வரை எல்லோரும் வாய் பிளந்து கேட்டோம். வெகு நேரம் கழித்துச் சட்டை நனைந்து வந்து சேர்ந்தார் செயலாளர். டைப்பிஸ்ட் அம்மா தம் தண்ணீர்ப் புட்டியை நீட்டினார்.

"மொகலாயப் படை ஏழெட்டு வருஷம் கீழயே உக்காந்துக்கினு இருந்திச்சு சார். நீங்க மூணு மணி நேரத்துல வந்துட்டீங்களே!"

செயலாளரே வாய்விட்டுச் சிரித்துவிட்டார். கையெழுத்தைப் போட்டு, கல்லில் உட்கார்ந்து, "அப்புறம் எப்பிடிம்மா புடிச்சான்?" என்று கேட்டார். அங்கே தொடங்கிய அவர் கேள்விகள் திரும்பும் வழியில் வந்தவாசி தாண்டியும் ஓயவில்லை.

ஓய்வு பெற்றபின் ஒருமுறை போனேன். நுழைவுச்சீட்டு, அறிவிப்புப் பலகை எல்லாம் வந்துவிட்டன. அடிவாரத்தில் ஒரு வழிகாட்டி, மொகலாயர் ஒரே ராத்திரியில் கோட்டையைப் பிடித்ததாக ஒரு கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ராத்திரி அல்ல, ஏழெட்டு ஆண்டு என்று திருத்தினேன்.

"யாரு சார் சொன்னது? புரொபசரா?" என்றார் அவர்.

"இல்லப்பா, எங்க ஆபீஸ் டைப்பிஸ்ட்" என்றேன்.