சத்தம் வராத நடை

பத்தாவதுக்கு மேல் படிக்காத நான் காலைப் பற்றிக் கட்டுரை எழுத வருவது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். போன வாரம் மண்ணூர்பேட்டையில், முழங்கால் வலிக்குப் பயிற்சி சொல்லித்தரும் பெண், சில்லென்ற டைல்ஸ் தரையில் என்னை ஒற்றைக்காலில் நிறுத்தி, "குதிகாலத் தூக்குங்கக்கா" என்றாள். எழவில்லை. அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன்.

எட்டாவது படிக்கும்போது இருநூறு மீட்டரில் என்னை முந்தப் பள்ளியில் ஆளில்லை. வெறுங்காலில் ஓடுவேன். கால்விரல் மடங்கி, கெண்டைச்சதை இறுகி, குதிகாலுக்கு மேலே இருக்கும் நரம்பு ரப்பர் போல இழுபட்டு விட, உடம்பு தானாக முன்னால் போகும். யாரும் சொல்லித்தந்ததில்லை.

அந்த வருடம் வயதுக்கு வந்தேன். எங்களோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, நிறைய மணி வைத்த தன் கொலுசைக் கழற்றி எனக்குப் பூட்டினாள். அழகுக்கு இல்லை. வாசலிலிருந்து தெருக்குழாய் வரை போய் வரவேண்டும், மணி ஒலிக்கக் கூடாது; ஒலித்தால் மறுபடி முதலிலிருந்து.

"பொட்டப் புள்ள நடந்தா பூமிக்கே தெரியக் கூடாதுடி. இன்னாத்துக்கு குதிர மாரி குதிச்சிகினு வர்ற?"

"அத்த சொல்றதக் கேளு. நாளைக்கு மாமியா ஊட்ல எங்களத்தான் பேசுவாங்க" என்பாள் அம்மா.

மணி ஒலிக்காமல் நடக்க ஒரே வழிதான் உண்டு: பாதத்தைப் பலகைபோல வைத்து, பலகைபோலவே எடுப்பது. கணுக்கால் மடங்கக் கூடாது, விரல் உந்தக் கூடாது, தொடை இடுப்பைத் தாண்டிப் பின்னால் போகக் கூடாது. மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டேன். "எங்க புள்ள வர்றதே தெரியாது" என்று அத்தை தெருவெல்லாம் சொன்னாள்.

மண்டலப் போட்டிக்கு ஆள் எடுத்த அன்று கொலுசைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு ஓடினேன். கொலுசு கழன்றது, நடை கழலவில்லை. ஐந்தாவதாக வந்தேன். "இன்னாம்மா, தலைல குடத்த வச்சிகினா ஓட்ற?" என்றார் விளையாட்டு சார். எல்லோரும் சிரித்தார்கள். அத்தைக்கு நிம்மதி. "வுடு, ஓடி இன்னா கிழிக்கப் போற."

அந்த மைதானத்தில் இப்போது குடோன் நிற்கிறது. அதில் எனக்கு வருத்தமில்லை. கொலுசுக் கதையைச் சொன்னதும் பயிற்சிப் பெண், "அது மட்டுமே காரணம்னு சொல்ல முடியாதுக்கா, முப்பது வருசமா எக்ஸ்போர்ட் கம்பெனில நின்னே வேல பாக்குறீங்க. ஆனா கெண்டைச்சதை தள்ளாத பாரத்த முட்டிதான் வாங்குது" என்றாள். நியாயமான பேச்சு. எனக்கு நியாயம் வேண்டாம். ஓடுகிற கால் ஒன்று எனக்கு இருந்தது. என்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள்.

அன்று மாலை, எண்பதைத் தொட்டுவிட்ட அத்தையிடம் முதல்முறையாகக் கேட்டேன்: "என் கால ஏன் அத்த கெடுத்த?"

டீயில் பன்னை நனைத்துக்கொண்டே, "இப்ப இன்னா, நல்லாத்தானே கீற" என்றாள்.

மறுநாள் அவளைக் கண் டாக்டரிடம் அழைத்துப்போனேன். பஸ் ஸ்டாப் வரை, "மெல்லப் போடி, மெல்லப் போடி" என்று பின்னாலேயே சொல்லிக்கொண்டு வந்தாள். முட்டி வலித்தது. நான் மெல்லப் போகவில்லை.