கடைசிப் பந்தி

எங்கள் சபையாருக்கு வேத விவாதம் என்றால் போதும், சாப்பாடுகூட வேண்டாம். பெண்கள் முக்காடில்லாமல் ஜெபிக்கலாமா, ஆராதனையில் கை தட்டலாமா என்று திருவனந்தபுரத்து வெயிலில் கோயில் வாசலிலேயே நின்று வாதாடுவார்கள். சபைக் கமிட்டியில் நான் ஒருத்திதான் பெண். பள்ளிக்கூட டீச்சர் வேறு. வாய் சும்மா இருக்குமா?

இரண்டாயிரமாம் ஆண்டுத் தொடக்கத்தில் வந்த சண்டை வேறு மாதிரி. எங்களுக்குத் திருவிருந்தில் திராட்சரசம் குடிக்க எல்லாருக்கும் ஒரே பாத்திரம். பலிபீடத்தின் முன்னால் பந்தி பந்தியாக முழங்காலில் நிற்போம். போதகர் ஒருவர் வாயில் பாத்திரத்தை வைத்து, விளிம்பைத் துணியால் துடைத்து, அடுத்தவருக்குக் கொடுப்பார். அப்படி வருகிறவர்களில் ஒரு பெண், நாகர்கோவில் பக்கத்துக்காரி, கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் பிள்ளைகள் தங்கும் ஹாஸ்டலில் சமையல் வேலை. கட்டட வேலைக்கு வந்த அவள் புருஷன் எய்ட்ஸில் செத்துப்போனான். அவளுக்கும் அந்தக் கிருமி இருக்கிறது என்ற செய்தி, அடக்க ஆராதனை முடிவதற்குள் பெஞ்சு பெஞ்சாகப் பரவிவிட்டது.

கமிட்டி கூடியது. சின்னக் கிண்ணங்களில் கொடுக்கலாமே என்று ஒருவர் சொல்லிப் பார்த்தார்.

"அது நடக்காது கேட்டோ. கர்த்தர் குடுத்தது ஒரே பாத்திரம். நாம எல்லாரும் ஒரே சரீரம்ங்கறதுக்கு அதுதான் அடையாளம்" என்றார் செயலாளர். ஒரே சரீரம் என்ற அதே வாயால், அந்தப் பெண் கடைசிப் பந்தியில் கடைசி ஆளாக வரட்டும், அவளுக்குப் பிறகு யாரும் குடிக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

பாத்திரத்தில் குடித்தால் அந்த நோய் பரவாது என்று நான் கத்தினேன். "டீச்சர் எப்ப டாக்டர் ஆனீங்க?" என்று கேட்டுச் சிரித்தார்கள். புதிதாக வந்திருந்த இளம் போதகரும், ஆஸ்பத்திரியில் விசாரித்ததாகவும் பரவாது என்று சொன்னதாகவும் மெதுவாகச் சொன்னார். யார் காதிலும் விழவில்லை. கை தூக்கினார்கள், தீர்மானம் நிறைவேறியது. "கடைசி ஆள் அவங்கதான், அப்படித்தானே?" என்று போதகர் ஒருமுறை கேட்டுக்கொண்டார். பிள்ளைப்பூச்சி என்று எனக்கு அவர்மேல் எரிச்சல் வந்தது.

அவளிடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. ஹாஸ்டல் பின்கட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டுத் துருவுவதை நிறுத்தவில்லை.

"கல்யாண வீட்டுலதான் சமைக்கிற எங்கள கடைசிப் பந்தியில இருத்துவாவ டீச்சர். ஆண்டவருக்க பந்தியிலயுமா? நான் இனி கோயிலுக்கு வரல்ல."

அவளுக்கு இந்த ஊரில் வேறு உறவு கிடையாது. ஞாயிற்றுக்கிழமையும் போய்விட்டால் அவளுக்கு என்ன மிச்சம்? "இந்த ஒரு தடவை வா. உன் பக்கத்தில நான் இருக்கேன். அதுக்கப்புறமும் மனசு கசந்தா வராதே" என்றேன். கெஞ்சித்தான் கேட்டேன்.

வந்தாள். எல்லாப் பந்தியும் முடிந்த பிறகு நானும் அவளும் போய் முழங்காலில் நின்றோம். பாத்திரம் எனக்கு வந்தது, பிறகு அவளுக்கு.

போதகர் திரும்பிப் பலிபீடத்துக்குப் போனார். பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கி, மிச்சத்தை நிதானமாகக் குடித்தார். கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதையும் குடித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அர்ப்பணித்த ரசத்தைக் கீழே கொட்டக் கூடாது, மீதியைப் போதகரே குடித்து முடிக்க வேண்டும். காலங்காலமாக இருக்கிற முறை. மாதாமாதம் பார்த்துப் பார்த்தே எங்கள் வேத பண்டிதர்கள் அதை மறந்திருந்தார்கள். எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. அதுவும் விவாதத்தில் இருக்கும் விஷயமாயிற்றே என்று அடக்கிக்கொண்டேன்.

ஆராதனை முடிந்ததும் செயலாளர் வியர்த்துப்போய் வந்தார். "ஐயா, என்ன காரியம் செஞ்சீங்க?"

"நீங்க போட்ட தீர்மானத்தைத்தான் செஞ்சேன். அவங்களுக்கு அடுத்தது நான்தானே? பரவாதுன்னு அன்னைக்கே சொன்னேன். நீங்க கேக்கல."

அந்த வாரமே கமிட்டி மறுபடி கூடித் தீர்மானத்தை ரத்து செய்தது. எதிர்த்து ஒரு கைகூட எழவில்லை.

அடுத்த மாதத் திருவிருந்தில் அவள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு முதல் ஆளாக எழுந்து போனாள். அவள் பக்கத்தில் வந்து முழங்காலில் நின்றது செயலாளரின் மனைவி. பாத்திரம் அவள் உதட்டிலிருந்து நேராக அந்த அம்மாளின் உதட்டுக்குப் போனது.

வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்த என்னிடம் நாகர்கோவில்காரி வந்து, ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்:

"பாத்தியளா டீச்சர், இன்னைக்கு எனக்கு முதல் பந்தி."