மூன்று குட்டிகள், இரண்டு தவறான ரிப்போர்ட்

1. திங்கள்: செம்பாக்கத்தில் ஒரு டீச்சர் வீட்டு நாய்க்குட்டிகள் மூன்றில் ஒன்றுக்குப் பேதி. மலம் சோதனைக்கு என்னிடம் வந்தது. 'கிருமி எதுவும் இல்லை' என்று எழுதிக் கொடுத்தேன்.
2. புதன்: அந்தக் குட்டி செத்தது. இரண்டாவதற்கும் பேதி. மறுபடி சோதனை, மறுபடி அதே வரி.
3. வெள்ளி: இரண்டாவதும் செத்தது.
4. சனி: மூன்றாவது தண்ணீரைக்கூட முகரவில்லை.

அப்போது குரோம்பேட்டையில் ஒரு மாடி அறை லேபில் வேலை பார்த்தேன். மனிதர்களின் ரத்தம், சிறுநீர்தான் அதிகம் வரும். கால்நடை டாக்டர் ஒருவர் எப்போதாவது நாய்களின் மாதிரியை அனுப்புவார். அந்த வருடம் ஊரெல்லாம் குட்டிகள் வைரஸ் பேதியில் செத்துக்கொண்டிருந்தன. என் ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், இதுவும் அதுதான் என்று சலைன் மட்டும் ஏற்றினார்.

சனிக்கிழமை காலை டீச்சர் மூன்றாவது பாட்டிலை நீட்டினார். "சுத்தமாத்தான் கொண்டாந்திருக்கேம்மா. பாட்டிலைப் பெனாயில் ஊத்திக் கழுவிட்டேன்."

"மூணு தடவையும் அப்படியா டீச்சர்?"

"பின்ன? எங்க வீட்டைப் பாத்தா அவ்ளோ கலீஜாவா தெரியுது?"

சில கிருமிகள் உயிரோடு நீந்தினால்தான் கண்ணில் படும். பாட்டிலின் அடியில் தங்கும் பெனாயில் போதும், அவை சிதைந்துவிடும். முதல் இரண்டு பாட்டில்களிலும் அந்த வாடை வந்தது. எங்கள் தரையையும் தினமும் பெனாயிலால்தான் துடைப்பார்கள். வாடை தரையிலிருந்து வருகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

"குட்டியையே தூக்கிட்டு வந்துடுங்க. பாட்டில் வேணாம்."

"ஏம்மா?"

"சூடா இருந்தா நல்லாத் தெரியும்."

அது உண்மைதான். பாதி உண்மை.

மதியம் ஒயர் கூடையில், துண்டு சுற்றிக் குட்டி வந்தது. கையில் எடுத்தபோது எடையே இல்லை. பஞ்சுக்குச்சியால் நானே மலம் எடுத்து, ஒரு சொட்டு உப்புநீர் விட்டு உடனே பார்த்தேன். உதிர்ந்த இலைபோல ஒன்று புரண்டுகொண்டே போனது. பக்கத்தில் இன்னொன்று. ஜியார்டியா, குடலில் வாழும் ஒட்டுண்ணி. மனிதர்களிடம் அடிக்கடி பார்த்தது. நாய்க்குட்டியிடம் அதுவரை பார்த்ததில்லை.

டாக்டருக்குப் போன் செய்தேன். "நாய்க்குட்டிலயா? நல்லாப் பாத்தியாம்மா?"

"ஓடுது சார். ரெண்டு ஸ்லைடு போட்டுட்டேன்."

அன்றே மாத்திரையைப் பொடித்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஐந்தாம் நாள் குட்டி எழுந்து நின்றது. டீச்சர் லேபுக்கே வந்து நன்றி சொன்னார்.

மூன்றாவது குட்டி பிழைத்தது. மற்ற இரண்டும் வைரஸால் செத்ததாகவே டீச்சர் நம்பினார். சரியான ரிப்போர்ட் தந்திருந்தால் அவை பிழைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. அவரிடம் நான் எதையும் சொல்லவில்லை.